பென்சாக்சசின் தட்டில் குமிழும் விரிசலும்: ஊட்டியில் வார்த்தால் மட்டும் ஏன் இப்படி?

பனிமூட்டம் (ஊட்டி)

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டியில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வு மாணவி. சூட்டில் இறுகும் பிசின் வகையான பாலிபென்சாக்சசின்தான் தலைப்பு. நாலு மாசமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், அதனால் இங்கே கேட்கிறேன்.

செய்வது எல்லாரும் முதலில் செய்து பழகுகிற பொருள்தான். பிஸ்பீனால் ஏ, அனிலின், பாராஃபார்மால்டிஹைடு, மோல் கணக்கில் 1 : 2 : 4. ஒரு தடவைக்கு பிஸ்பீனால் 22.8 கிராம், அனிலின் 18.6, பாராஃபார்ம் 12. டொலுவீன் ஊற்றி, மேலே கண்டென்சர் மாட்டி 5 மணி நேரம் கொதிக்க விடுகிறேன். கட்டுரைகளில் 110 டிகிரி என்று இருக்கிறது. டொலுவீன் கொதிநிலையும் 110.6 தானே, கொதித்தால் அதுவே 110 என்று வைத்துக்கொண்டேன். பிறகு ரோட்டரி ஆவியாக்கியில் டொலுவீனை எடுத்துவிட்டு, மிஞ்சும் மஞ்சள் பிசினை அலுமினிய அச்சில் ஊற்றி, வெற்றிட அடுப்பில் 120 டிகிரியில் காற்றெடுத்து, 160, 180, 200 என்று இரண்டிரண்டு மணி நேரம் இறுக விடுகிறேன்.

வெளியே எடுத்தால் தட்டு நல்ல நிறம். வரட்டீயைக் கண்ணாடி டம்ளரில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் அடிப்பக்கம் முழுக்கக் கடுகளவு குமிழ். ஓரத்தில் தலைமுடி மாதிரி விரிசல். டிஜி, அதாவது இறுகின பிசின் இளக ஆரம்பிக்கும் வெப்பம், 138 டிகிரிதான் வந்தது, 160-க்கு மேல் வர வேண்டும். ஒரே ஆறுதல், கோவைக்கு அனுப்பி எடுத்த டிஎஸ்சியில் (சூடேற்றி வெப்ப மாற்றத்தை அளக்கும் சோதனை) இறுகும் உச்சி 204-லேயே வந்துவிட்டது. மற்றவர்களுக்கு 220-க்கு மேல்தான் வருகிறது. என் பொருள் குறைந்த வெப்பத்திலேயே இறுகுகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இன்னொன்று, வெற்றிட அடுப்பின் முள் 570 மில்லிமீட்டரைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. பம்ப் விற்றவர் கசிவு என்றார். கேஸ்கட் ஒரு தடவை, எண்ணெய் இரண்டு தடவை மாற்றியாயிற்று. முள் அதே இடத்தில்.

கோவை_ரெசின்

மூணே கேள்வி. குடுவைக்குள்ள தெர்மாமீட்டர் போட்டுப் பாத்தீங்களா? வந்த பிசினைக் காரத் தண்ணில கழுவினீங்களா? மூலக்கூறு அமைப்பைக் காட்டற என்எம்ஆர் எடுத்தீங்களா?

பனிமூட்டம் (ஊட்டி)

மூணுக்கும் இல்லை, சார். என்எம்ஆருக்கு மாதிரி அனுப்பிவிட்டேன், இன்னும் வரவில்லை.

காட்டேரி_பிஎஸ்சி

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கணும். நான் இரண்டாம் வருஷம் பி.எஸ்சி. இந்தப் பாலிபென்சாக்சசின் நம்ம பேக்கலைட் மாதிரிதானா? பேக்கலைட்டும் பீனால், ஃபார்மால்டிஹைடுதானே?

அச்சுக்கூடம்60

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா அந்த அக்காவோட பிரச்சினையும் இதுக்குள்ளதான் இருக்கு.

நான் 31 வருஷம் பேக்கலைட் அச்சு வார்த்தவன். இப்ப வெலிங்டன்ல ஓய்வு. சுவிட்சு, ஹோல்டர், குக்கர் கைப்பிடி எல்லாம் போட்டிருக்கேன். 1907-ல பேக்லாண்டு கண்டுபிடிச்ச சரக்குதான், இன்னிக்கும் ஓடுது. அதுல இருக்கிற தொல்லை என்னன்னா, இறுகும்போதே தண்ணி விடும். ஹெக்சமின் போட்டு இறுக்கற நோவலாக் வகையா இருந்தா அம்மோனியாவும் வரும். அச்சை மூடி டன் கணக்கில அழுத்தம் கொடுத்து, நடுவுல ஒரு கணம் திறந்து மூச்சு விட்டு மறுபடி மூடணும். மூச்சு விட மறந்தா உருப்படி கொப்புளம் கொப்புளமா வரும். கையில எடுத்தாலே வெயிட்டில தெரிஞ்சுடும்.

பென்சாக்சசின்ல அந்தத் தண்ணி வேலை முன்னாடியே முடிஞ்சிடுது. பீனால், அமீன், ரெண்டு ஃபார்மால்டிஹைடு சேந்து முதல்ல ஒரு வளையம் ஆகும். ஆறு அணு வளையம், அதுல ஒரு ஆக்சிஜன், ஒரு நைட்ரஜன். தண்ணி வெளியேறுவது இந்த இடத்துல, குடுவையில. அப்புறம் அச்சில ஊத்திச் சூடாக்கினா வளையம் திறந்து ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். திறக்கிறதுக்கு எதையும் வெளியே தள்ள வேண்டியதில்லை. அதனால அழுத்தம் வேண்டாம், மூச்சு விட வேண்டாம். அமில வினையூக்கியும் வேண்டாம், அச்சு அரிக்காது.

நான் முதல்ல இதைக் கேள்விப்பட்டப்ப நம்பல. அப்புறம் ஒருத்தர் வார்த்த துண்டைக் கையில வாங்கிப் பாத்தேன். அச்சோட மூலை எவ்வளவு கூரா இருந்ததோ அவ்வளவு கூரா பிசினோட மூலையும் இருந்துச்சு. எப்பாக்சி இறுகும்போது கன அளவில 3-லேருந்து 6 சதவீதம் வரைக்கும் சுருங்கும். இது சுருங்கவே இல்ல.

கோவை_ரெசின்

ஐயா சொன்னது அத்தனையும் சரி. வரலாறு கொஞ்சம் சேர்க்கிறேன். இந்தச் சின்ன மூலக்கூறை 1944-ல ஹாலியும் கோப்பும் எழுதிட்டாங்க. ஆனா இதைப் பிசினா எடுத்து, அதன் குணங்களை ஒழுங்கா அளந்து காட்டினது அமெரிக்காவில கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்துல இஷிடா குழு. நிங், இஷிடா ரெண்டு பேரும் 1994-ல போட்ட கட்டுரைக்கு அப்புறம்தான் உலகம் முழுக்க இந்தத் துறை கிளம்பிச்சு. அம்பது வருஷம் அலமாரியில கிடந்த மூலக்கூறு.

சுருங்காததுக்குக் காரணம் கேட்பீங்க. வளையம் திறந்ததும் பீனாலோட ஓஎச் வெளியே வருது. பக்கத்துலயே நைட்ரஜன் இருக்கு. ரெண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால சேர்ந்து மறுபடி ஒரு ஆறு உறுப்பு வளையம் மாதிரி பூட்டிக்குது. இந்தப் பூட்டுதான் சங்கிலிகள் நெருக்கமா அடுக்கிக்கிறதைத் தடுக்குதுன்னு விளக்கம் சொல்றாங்க. குறுக்குப்பிணைப்பு அடர்த்தி குறைவா இருந்தும் டிஜி உசரமா நிக்குதே, அதுக்கும் இதுதான் காரணம். ஓஎச் தன் நைட்ரஜனையே பிடிச்சுட்டு நிக்கிறதால தண்ணியைப் பிடிக்க ஆர்வம் காட்டாது. பீனாலிக் பிசின்னு பேர் இருந்தும் தண்ணி கம்மியா குடிக்கிறது அதனாலதான். பரப்பு ஆற்றல் சில வகைகளில டெஃப்லானைவிடக் குறைவு, அதுவும் ஒரு ஃப்ளோரின் அணுகூட இல்லாம.

இப்ப பனிமூட்டம் மேடத்துக்கு. உங்க 204 டிகிரி உச்சியைப் பாத்து நான் சந்தோஷப்படல. சுத்தமான மோனோமர், அதாவது இன்னும் கோத்துக்காத மூலக்கூறு, பிடிவாதக்காரன், 220 தாண்டித்தான் அசையும். 204-ல அசையுதுன்னா உள்ள யாரோ தூண்டி விடறாங்க. அது வளையமாகாம நிக்கிற பீனால் ஓஎச். மிச்ச பிஸ்பீனால், பாதி வினைபட்ட துண்டு, முன்னாடியே திறந்து கோத்துக்கிட்ட குட்டிச் சங்கிலி (ஒலிகோமர்), எதுவா இருந்தாலும் வளையத்தைத் திறக்க வினையூக்கியா வேலை செய்யும். உச்சி இறங்கினது உங்க பொருளோட பெருமை இல்ல, அழுக்கோட கையெழுத்து. கடுமையாச் சொல்றேன்னு நினைக்காதீங்க. எனக்கு இதே தப்பு ரெண்டு வருஷம் தின்னுச்சு.

காயில்கட்டி (குன்னூர்)

வணக்கம்ங்க. நமக்கு கெமிஸ்ட்ரி தெரியாது. பெட்போர்டு பக்கம் மோட்டார் காயில் கட்டற கடை, டீ ஃபேக்டரி மோட்டாருங்கதான் முக்காவாசி. வார்னிஷ் ஏத்தறதுக்கு வேக்குவம் டேங்க் ஒண்ணு வச்சிருக்கேன். அந்தம்மா சொன்ன முள்ளு விஷயம் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

மேடம், உங்க பம்புல ஒரு கோளாறும் இல்ல. டயல்ல 760 வரைக்கும் கோடு போட்டிருக்கும், அது கடலோரத்துக்குப் போட்ட கோடு. முள்ளு காட்டறது வெளிக்காத்துக்கும் உள்காத்துக்கும் உள்ள வித்தியாசம். நம்ம மலையில வெளிக்காத்தே கம்மி. குன்னூர்ல 600-ஐ ஒட்டி நின்னுடும், எப்பேர்ப்பட்ட பம்பு போட்டாலும் மேல போகாது. ஊட்டி இன்னும் உசரம், உங்களுக்கு 570-னா அது முழு வேக்குவம் மாதிரிதான். நானும் புதுசுல மூணு கேஸ்கட் மாத்தினவன். அப்புறம் மேட்டுப்பாளையத்துல இறக்கி ஓட்டிப் பாத்தேன், அதே பம்பு 720-க்கு மேல காட்டுச்சு.

கோவை_ரெசின்

அண்ணா, அருமை. கணக்கும் அதையேதான் சொல்லுது. ஊட்டி 2240 மீட்டர், அங்க காத்தழுத்தம் ஏறக்குறைய 580 மில்லிமீட்டர் பாதரசம். முள் 570-னா உள்ள 10 மில்லிமீட்டர்தான் மிச்சம். காற்றெடுக்கத் தாராளமா போதும்.

இதே கணக்கைக் குடுவைக்கும் போடுங்க மேடம். 580-ல சுத்த டொலுவீன் கொதிக்கறது 101 டிகிரியை ஒட்டி. 110 இல்ல.

பனிமூட்டம் (ஊட்டி)

காயில்கட்டி அண்ணா, இந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் புதுப் பம்ப் வாங்க கோரிக்கை எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

இன்று குடுவைக்குள் தெர்மாமீட்டர் போட்டு ஒரு தடவை ஓட்டினேன். 101 கூட இல்லை. 3 மணி நேரம் ஆகியும் 83-ஐத் தாண்டவில்லை. நன்றாகக் கொதிக்கிறது, கண்டென்சரில் சொட்டுகிறது, ஆனால் 83. தெர்மாமீட்டர் கெட்டுப்போயிற்றோ என்று வெந்நீரில் வைத்துப் பார்த்தேன். கொதிக்கும் தண்ணீரில் 92.5 காட்டியது. ஊட்டிக்கு அது சரிதானே?

கோவை_ரெசின்

சரியான அளவு. தெர்மாமீட்டர் நல்லாத்தான் இருக்கு.

83-க்குக் காரணம் தண்ணி. வளையம் உண்டாகும்போது மோலுக்கு 4 தண்ணி வெளியேறும், உங்க அளவுக்கு 7.2 கிராம். நீங்க வெறும் கண்டென்சர் மாட்டியிருக்கீங்க, அதனால ஆவியான தண்ணி குளிர்ந்து மறுபடி குடுவைக்கே விழுது. தண்ணியும் டொலுவீனும் சேர்ந்து கொதிச்சா ரெண்டோட தனிக் கொதிநிலையையும்விடக் கீழ கொதிக்கும். கடல் மட்டத்துலயே அது 84-85. உங்க ஊர்ல இன்னும் கீழ. உங்க வினை அஞ்சு மணி நேரமும் நீங்க நினைச்ச வெப்பத்துக்கு 25 டிகிரி கீழேயே நடந்திருக்கு.

டீன்-ஸ்டார்க் மாட்டுங்க, குளிர்ந்து விழற தண்ணியைக் குடுவைக்குத் திரும்ப விடாம தனியாப் பிடிக்கற கண்ணாடிக் குழாய் அது. கீழ சேர்ற தண்ணியைக் கோடு பாத்து அளங்க. 7 மில்லிக்குக் கிட்ட வந்தாத்தான் குடுவை வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். ஐயா சொன்னாரே, தண்ணிக் கணக்கைக் குடுவையிலயே தீர்க்கணும்னு, அதை நீங்க பாதியில விட்டுட்டு மிச்சத்தை அச்சுக்குள்ள கொண்டுபோயிட்டீங்க. 160 டிகிரியில அந்த மிச்ச வினை நடக்குது, தண்ணி வருது, ஆவியாகுது, பிசின் இறுக ஆரம்பிச்சதால வெளியே போக வழியில்ல. அதான் கடுகு.

மோயாறு

கோவை_ரெசின் சொல்வதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். வெப்பத்தைச் சரி செய்தாலும் கழுவாமல் விட்டால் டிஜி ஏறாது. நான் கடல் மட்டத்தில் உட்கார்ந்து, ஒழுங்கான 110-இல் செய்தபோதும் முதல் சரக்கில் ஒலிகோமர் இருந்தது. கழுவின பிறகுதான் இல்லாமல் போயிற்று. மேடத்துக்கு முதல் மருந்து கழுவல், இரண்டாவது டீன்-ஸ்டார்க்.

கழுவும் முறை: பிசினை எத்தில் அசிட்டேட்டிலோ குளோரோஃபார்மிலோ கரைத்து, 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் மூன்று தடவை. ஓஎச் உள்ள அழுக்கு காரத்தில் உப்பாகித் தண்ணீர்ப் பக்கம் போய்விடும், வளையத்துக்கு ஓஎச் இல்லாததால் அது கரிமக் கரைப்பானிலேயே தங்கும். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரால் நடுநிலை வரும்வரை. பிரிபுனலில் பால் மாதிரிக் கலங்கி நின்றால் பதறாமல் உப்புத் தண்ணீர் கொஞ்சம் விடுங்கள், பிரிந்துவிடும். குலுக்குகிற வேகத்தையும் குறையுங்கள். சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, கரைப்பானை எடுங்கள்.

கோவை_ரெசின்

ஒத்துக்கறேன். வரிசை எதுவானாலும் ரெண்டும் வேணும். கழுவினா அழுக்கு போகும், ஆனா குறை வினையை வச்சுக்கிட்டுக் கழுவினா கையில மிஞ்சறது கம்மியா இருக்கும்.

டொலுவீன் இல்லாமலும் செய்யலாம் மேடம். மூணையும் நேரா கலந்து எண்ணெய்க் குளியல்ல 110-120-க்குக் கொண்டுபோற உருக்கு முறை. முதல்ல அனிலினும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து வெள்ளையா கட்டி தட்டும். அது ட்ரையசின். கலக்கிக் காந்தமே சுத்தாம நிக்கும், பயந்து நிறுத்திடாதீங்க. சூடு ஏற ஏறக் கரைஞ்சு, தண்ணி நுரைச்சுப் போய், தெளிஞ்ச மஞ்சளாகும். உங்க ஊர்ல தண்ணி 92-93-லயே கொதிக்கறதால அந்தத் தண்ணி எங்களைவிட உங்களுக்குச் சுலபமாப் போகும். மலை கொடுக்கற ஒரு வசதி அது. ஃபியூம் ஹுட்டுக்குள்ளதான் செய்யணும். கையுறையை மறக்காதீங்க. அனிலின் தோல் வழியாவே ரத்தத்துக்குப் போற விஷம்.

மோயாறு

டைஅமீன் வைத்துச் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அனிலினுக்குப் பதில் டைஅமினோ டைஃபீனைல் மீத்தேன் மாதிரி இரண்டு கை உள்ள அமீன் போட்டால், அந்த வெள்ளை ட்ரையசின் வலையாகக் கட்டிக்கொண்டு சில கரைப்பான்களில் கரையவே கரையாது. அப்போது மூன்று படி வழி நல்லது. சாலிசிலால்டிஹைடோடு அமீனைச் சேர்த்து இமீன், அதைச் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கி, கடைசியில் ஃபார்மால்டிஹைடு போட்டு வளையத்தை மூடுவது. வேலை அதிகம், ஆனால் கை வைத்த இடமெல்லாம் சுத்தமாக வரும்.

அச்சுக்கூடம்60

சாலிசிலால்டிஹைடுன்னதும் ஞாபகம் வந்தது. நம்ம ஊட்டிக் கடைகள்ல யூகலிப்டஸ் தைலம் பக்கத்துல விண்டர்கிரீன் தைலம் விக்கறாங்களே, மூட்டு வலிக்குத் தேய்க்கறது, அது அத்தனையும் மெத்தில் சாலிசிலேட். சோலை ஓரத்துல வளர்ற கால்தீரியா செடியோட இலை எண்ணெய். அந்த எண்ணெயைக் காரத்துல உடைச்சா சாலிசிலிக் அமிலம், அதைச் சுண்ணாம்போட சூடாக்கினா பீனால். 19-ஆம் நூற்றாண்டுல சின்கோனா ஆராய்ச்சிக்காக ஊட்டிக்கு வந்த பிராட்டன்ங்கற வேதியியலாளர் இந்தச் செடியிலேருந்து கார்பாலிக் அமிலம், அதாவது பீனால், எடுக்கலாம்னு எழுதி வச்சிருக்கார். தார்ல இருந்து வர்ற பீனால் மலிவா கிடைச்சதால அது தொழிலாகல.

நம்ம மலையிலயே பீனால் இலையில இருந்து வந்ததுன்னு நினைச்சா எனக்கு இன்னிக்கும் மனசு நிறையும். பேக்கலைட்டு வர்றதுக்கே முன்னாடி!

காட்டேரி_பிஎஸ்சி

ஐயா, இது எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை! அப்படியானால் செடியிலிருந்து வரும் பீனாலை வைத்தே பென்சாக்சசின் செய்யலாமா?

மோயாறு

செய்கிறார்கள். நம் மாநிலத்துக்கே பொருத்தமானது கார்டனால். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து வடிப்பது, பண்ருட்டிப் பக்கம் ஓடு மலையாகக் குவிகிறது. கார்டனால் என்பது பீனாலில் 15 கார்பன் வால் ஒட்டியது. அதைக் கொண்டு செய்த பென்சாக்சசின் அறை வெப்பத்திலேயே நீர்மமாக இருக்கும். பிஸ்பீனால் ஏ வகை அறை வெப்பத்தில் கண்ணாடி மாதிரி உறைந்து நிற்கும், உருக்கித்தான் ஊற்ற வேண்டும். கார்டனால் வகையைக் கொஞ்சம் கலந்தால் பாகு இளகும், தட்டு நொறுங்குவதும் குறையும். விலை என்னவென்றால் அந்த நீள வால் டிஜியை இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். இரண்டும் வேண்டும் என்று கேட்க முடியாது.

பர்லியார் தோட்டத்தில் கிராம்பு பார்த்திருப்பாய். அதன் யூஜெனாலையும் எடுக்கிறார்கள். ஆனால் யூஜெனாலில் ஒரு பக்க ஆர்த்தோ இடத்தை, அதாவது ஓஎச்சுக்கு அடுத்த இடத்தை, மெத்தாக்சி அடைத்துக்கொண்டிருக்கிறது. மறு ஆர்த்தோ வளையம் மூடுவதற்கே செலவாகிவிடும். எதிர்முனையில் அல்லைல். பிறகு சங்கிலி எங்கே போய்க் கோத்துக்கொள்ளும்? அதனால் வளையம் திறந்த பிறகு அல்லைல் கையைத்தான் நம்ப வேண்டும், அது இன்னும் மேல் வெப்பத்தில்தான் எழும்பும். இயற்கைப் பொருள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது, எந்த இடம் காலியாக இருக்கிறது என்று முதலில் தாளில் வரைந்து பார்.

காயில்கட்டி (குன்னூர்)

எனக்கு ஒரு சந்தேகம்ங்க. நம்மகிட்ட வர்ற மோட்டார்ல பாதி ஈரத்துல போனதுதான். வாட்டற தொட்டி ஃபேன் மோட்டாருங்க இலை ஈரத்துலயே சுத்தும். ஜூன்லேருந்து மஞ்சு இறங்கினா ரெண்டு மாசம் ஃபேக்டரிச் சுவரே வேர்க்கும். ஒரு வாரம் நிறுத்தி வச்சுட்டுப் போட்டா மெக்கர்ல (இன்சுலேஷன் பாக்கற மீட்டர்) முள்ளு சைபர்கிட்ட வந்துடும். தண்ணி குடிக்காத பிசின்ங்கறீங்களே, இதை வார்னிஷா காயிலுக்கு ஏத்தலாமா?

கோவை_ரெசின்

அண்ணா, நேர்மையாச் சொல்றேன். இன்னிக்கு உங்க கடைக்கு வேண்டாம்.

முதல் காரணம் அடுப்பு. இறுக 180-200 வேணும், சுத்த சரக்குன்னா அதுக்கும் மேல கேக்கும். உங்க பேக்கிங் அடுப்பு 150-ஐத் தாண்டாதுன்னு நினைக்கிறேன். அவ்வளவு சூட்டுக்கு ஸ்லாட் பேப்பர், ஸ்லீவ், நாடா எல்லாமே தாங்கற வகையா இருக்கணும். ரெண்டாவது, தனியா இறுகின பிஸ்பீனால் வகை கெட்டி, ஆனா நொறுங்கும். இழுத்தா 2 சதவீதம்கூட நீளாம உடையும். ஃபேன் மோட்டார் அதிர்வுல காயில் முனைப் பக்கம் விரிசல் விடும்.

எப்பாக்சியோட கலந்தா ரெண்டும் கொஞ்சம் சரியாகும். பென்சாக்சசின்ல திறந்து வர்ற ஓஎச் எப்பாக்சி வளையத்தோட சேர்ந்துக்கும், குறுக்குப்பிணைப்பு கூடும், பாகு இளகும். கார்பாக்சிலிக் அமிலம், தயால் மாதிரி வினையூக்கி போட்டா இறுகும் வெப்பமும் இறங்கும். ஆனா வினையூக்கி போட்ட சரக்கை டப்பாவுல மாசக்கணக்கா வச்சிருக்க முடியாது. இதெல்லாம் இப்ப ஓடறது விமான உள்பாகம், சர்க்யூட் போர்டு மாதிரி இடத்துல. எரிஞ்சாலும் கரியா நின்னு தீயைப் பரவ விடாத குணம் அங்க காசுக்குச் சமம்.

ஒண்ணு மட்டும் உங்க தொழிலுக்குக் கிட்ட வரும். 1998-ல இஷிடாவும் ரிம்துசித்தும் போரான் நைட்ரைடு தூளைக் கன அளவில 78.5 சதவீதம் வரைக்கும் இந்தப் பிசின்ல திணிச்சுக் காட்டினாங்க. வெப்பக் கடத்தல் மீட்டர் கெல்வினுக்கு 32.5 வாட். வெறும் பிசின் அரை வாட்டைக்கூடத் தாண்டாது. அத்தனை தூளை ஏத்தியும் பிசின் ஓடினதுக்குக் காரணம் உருகின மோனோமரோட பாகு அவ்வளவு இளக்கம். மின்சாரத்தைத் தடுக்கும், சூட்டைக் கடத்தும். காயில் சூட்டை வெளிய இழுக்கற பொருளா என்னிக்காவது இது உங்க கைக்கு வரணும்னு எனக்கு ஆசை இருக்கு.

காயில்கட்டி (குன்னூர்)

சரிங்க. அடுப்பு 140 தான் நம்மளது. வேண்டாம்னு நேரா சொன்னதுக்கே நன்றி. விக்கறவங்க யாரும் அப்படிச் சொல்றதில்ல.

அச்சுக்கூடம்60

பனிமூட்டம் அம்மா, விரிசலைப் பத்தி யாரும் இன்னும் பேசல. குமிழ் வேற, விரிசல் வேற. அடுப்பை 200-ல நிறுத்தினதும் கதவைத் திறந்துடறீங்களா?

பனிமூட்டம் (ஊட்டி)

ஆமாம் ஐயா. சாயங்காலம் பேருந்து போய்விடும், அதனால் நிறுத்தியதும் திறந்து, அச்சை வெளியே மேசையில் வைத்துவிடுவேன். அந்த நேரத்தில் லேபில் 13, 14 டிகிரி இருக்கும்.

அச்சுக்கூடம்60

அதான்மா. இறுகும்போது சுருங்காதுங்கறது ஒண்ணு, ஆறும்போது சுருங்கறது இன்னொண்ணு. ஆறும்போது எல்லாம் சுருங்கும். பிசின் அலுமினியத்தைவிட ரெண்டு மடங்குக்கு மேல சுருங்கும். அச்சோட ஒட்டிக்கிட்டு 200-லேருந்து 14-க்கு ஒரே இழுப்புல போனா ஓரம் பிளக்காம என்ன செய்யும்? அச்சுக்கு நல்ல ஒட்டாப் பூச்சு போடுங்க, கதவைத் திறக்காம அடுப்பை அணைச்சுட்டு வீட்டுக்குப் போங்க. காலையில வந்து எடுங்க. பேருந்தும் போகாது, தட்டும் பிளக்காது.

மோயாறு

என்எம்ஆர் வந்ததும் இரண்டு இடம் பாருங்கள். 5.3 பிபிஎம் பக்கம் ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே இருக்கிற சிஎச்2, 4.6 பக்கம் பென்சீன் வளையத்தை ஒட்டிய சிஎச்2. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று இருக்க வேண்டும். 3.6-இலிருந்து 4.2 வரை மேடு தட்டினால் அது திறந்த சங்கிலி. அகச்சிவப்பில் 940-950 பட்டை வளையத்தின் அடையாளம், இறுகி முடிந்ததும் அது மறைந்திருக்க வேண்டும்.

பனிமூட்டம் (ஊட்டி)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாரும் மன்னிக்கணும், செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

பழைய சரக்கின் என்எம்ஆர் வந்தது. 3.7-இல் மேடு, மறைக்கவே முடியாத அளவுக்கு.

புதுச் சரக்கு டீன்-ஸ்டார்க்கோடு. முதல் ஒரு மணி நேரத்தில் 3 மில்லி தண்ணீர், பிறகு மெதுவாக. குடுவை வெப்பம் தண்ணீர் குறையக் குறைய ஏறியது, 90, 95, கடைசியில் 102. ஏழு மணி நேரத்தில் 6.9 மில்லி. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், வெளியே மழை. கழுவினேன், மூன்று தடவை காரம். முதல் கழுவலில் தண்ணீர்ப் பக்கம் டீ மாதிரி சிவந்து வந்தது, மூன்றாவதில் வெளுத்துவிட்டது. மோயாறு சொன்ன மாதிரி ஒரு தடவை பாலாகக் கலங்கியது, உப்புத் தண்ணீர் விட்டதும் பிரிந்தது. உலர்த்தின பிறகு 46 கிராம் வர வேண்டிய இடத்தில் 37 கிராம் கையில் நின்றது.

120-இல் வெற்றிடத்தில் வைத்தபோது முள் அதே 570. இந்தத் தடவை பம்பைத் தொடவில்லை. ஒன்றரை மணி நேரம் நுரை பொங்கி அடங்கி, மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகும்வரை காத்திருந்தேன். 160, 180, 200, கடைசியில் 220-இல் ஒரு மணி நேரம் சேர்த்தேன். அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் அச்சைத் தட்டினேன், தானாகக் கழன்று கையில் விழுந்தது. விரிசல் இல்லை. ஒரு மூலையில் இரண்டு குமிழ், மற்றபடி தெளிவு. தட்டைச் செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்து படிக்க முடிகிறது. டிஎஸ்சி உச்சி 226-க்குப் போய்விட்டது, டிஜி 165. பழைய தட்டையும் புதுத் தட்டையும் எடை போட்டு ஒரு வாரம் தண்ணீரில் மூழ்க வைத்திருக்கிறேன்.

அந்த இரண்டு குமிழ் எங்கிருந்து வந்தது என்று யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். ஊற்றிய முனைக்கு எதிர் மூலை.

அச்சுக்கூடம்60

ஊத்தும்போது அச்சும் 120-ல இருந்துச்சா? பிசின் மட்டும் சூடா இருந்து அச்சு ஆறியிருந்தா, தூர மூலைக்குப் போறதுக்குள்ள பாகு கெட்டியாகிக் காத்தைப் பிடிச்சுக்கும்.

பனிமூட்டம் (ஊட்டி)

இல்லை ஐயா, மேசையிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினேன். நாளைக்கு அச்சையும் அடுப்பில் வைத்துவிட்டு ஊற்றுகிறேன்.

காயில்கட்டி (குன்னூர்)

மேடம், அந்த மூலையை அறுத்தா ஒரு விரல் அளவு துண்டு எனக்கு வேணும். மஞ்சு காலம் முழுக்க ஒரு டீ ஃபேக்டரி வாட்டற தொட்டி பக்கத்துல கட்டித் தொங்க விட்டு, மாசாமாசம் மெக்கர் வச்சுப் பாத்து இங்கயே எழுதறேன்.